வண்டி குடிப்பதும் வட்டி குடிப்பதும்

கேள்வி: மூன்று வருடத்துக்கு முன் கடன் போட்டு, இரண்டு கதவு கூபே கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். 2015 மாடல், டர்போ இன்ஜின். லிட்டருக்கு 16 கி.மீ. தரும் என்று கம்பெனி விளம்பரத்தில் இருந்தது. எனக்கு 11ஐத் தாண்டவே இல்லை. மாதம் 1,200 கி.மீ. ஓட்டுகிறேன், பெரும்பாலும் நெடுஞ்சாலைதான். உயர் ஆக்டேன் பெட்ரோல் போட்டுப் பார்த்தேன், டேங்கில் ஊற்றும் மைலேஜ் திரவமும் வாங்கினேன். பலனில்லை. கார் கடனில் இரண்டு முறை டாப்-அப் (அதே கடன் மேல் கூடுதல் கடன்) எடுத்திருக்கிறேன். முதல் முறை டயர், இன்சூரன்ஸ் செலவுக்கு; இரண்டாவது மைத்துனரின் தொழிலுக்கு. தவணை கூடவில்லை என்பதால் அது பாரமாகத் தெரியவில்லை. இப்போது மைத்துனர் மறுபடியும் கேட்கிறார். ஷோரூமில், பழைய கடனையும் சேர்த்து ஒரே கடனாகப் போட்டு ஹைபிரிட் கார் (பெட்ரோல் இன்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்தது) தருகிறோம் என்கிறார்கள். பெட்ரோல் செலவைக் குறைக்க மாறிவிடலாமா?

பதில்: கடிதத்தோடு உங்கள் பெட்ரோல் நோட்டின் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பியிருந்தீர்கள். ஒவ்வொரு முறை டேங்க் நிரப்பிய தேதி, ஓடோமீட்டர் எண், லிட்டர், இரண்டு தசமம் வரை மைலேஜ் என்று மூன்று வருடத்தை ஒரு நாள் விடாமல் எழுதியிருக்கிறீர்கள். கடனைப் பற்றி இருந்தது ஒற்றைத் தாள், அதிலும் தவணைத் தொகைக்கு மட்டும் அடிக்கோடு. அந்தத் தாளின் கீழ்ப்பகுதியைத்தான் நான் நான்கைந்து முறை படித்தேன்.

உங்களுக்குப் பழகிய அளவு லிட்டர். அதனால் நீங்கள் எழுதிய தொகைகள் எல்லாவற்றையும் ஒரு லிட்டர் பெட்ரோல் விலையால் வகுத்து லிட்டராகவே மாற்றிக்கொண்டேன். கணக்கு தோராயம்தான்.

1,200 கிலோமீட்டருக்கு, 11 மைலேஜில், உங்கள் வண்டி மாதம் 109 லிட்டர் குடிக்கிறது. கடன் பாக்கி இன்று 10,600 லிட்டர். வட்டி வருடத்துக்கு 12%, அதாவது மாதம் 1%. ஆக, வட்டி மட்டும் 106 லிட்டர். வண்டியை ஒரு மாதம் வெளியே எடுக்காமல் நிறுத்தி வைத்தாலும் இந்த 106 லிட்டர் போய்க்கொண்டேதான் இருக்கும். நோட்டில் ஒரு டேங்கை எழுதுகிறீர்கள். எழுதாத இன்னொரு டேங்க் மாதாமாதம் காலியாகிறது.

இது எப்படி நடந்தது என்று பாருங்கள். முதலில் வாங்கியது 12,000 லிட்டர் கடன், 60 தவணை, தவணைக்கு 267. டாப்-அப் எடுக்காமல் இருந்திருந்தால் 36 தவணை முடிந்த இன்று பாக்கி 5,700 அளவில் வந்திருக்கும், இன்னும் 24 மாதத்தில் கடனே முடிந்திருக்கும். ஆனால் 14ஆம் மாதம் 1,700, 30ஆம் மாதம் 2,400 என்று மேலே வாங்கினீர்கள். இரண்டு முறையும் கடன் கொடுத்தவர்கள் தவணைக் காலத்தை மறுபடி 60 மாதமாக நீட்டிவிட்டார்கள். அதனால்தான் தவணை 267இலிருந்து 255ஆகக் குறைந்தது. அது சலுகை இல்லை. 36 மாதம் கட்டி முடித்த உங்களுக்கு இன்னும் 54 மாதம் பாக்கி நிற்கிறது. கையில் வாங்கிய டாப்-அப் மொத்தம் 4,100 லிட்டர். அதற்காகக் கூடுதலாகக் கட்டப்போவது ஏறக்குறைய 7,100.

உங்களிடம் நான் வருத்தத்தோடு சொல்ல வேண்டியது இந்த ஒரு பழக்கத்தைப் பற்றித்தான். 'தவணை கூடவில்லையே' என்று பார்த்து டாப்-அப் எடுக்கும் பழக்கம்.

மைலேஜை இரண்டு வார்த்தையில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதில் உங்கள் வண்டி மீது குற்றமில்லை. அந்தக் காலத்து விளம்பர எண்கள் பெரும்பாலும் என்.இ.டி.சி. என்ற பழைய ஆய்வகச் சோதனையில் வந்தவை. சுமார் 20 நிமிடம், 11 கிலோமீட்டர், சராசரி வேகம் 34 கி.மீ.கூட வராது. நிஜ சாலையில் அதைவிட சுமார் 40% அதிகம் எரிபொருள் செலவாகிறது என்று தெரிந்துதான் ஐரோப்பாவில் 2017 முதல் டபிள்யூ.எல்.டி.பி. சோதனைக்கு மாறினார்கள். 16 என்று எழுதிய வண்டி 11 தருவது அதைவிடக் கொஞ்சம்தான் மோசம்.

ஆக்டேன் என்பது சக்தியின் அளவு அல்ல. இன்ஜினில் நாக்கிங் (பெட்ரோல் கட்டுப்பாடின்றித் தானாக வெடிப்பது) வராமல் பெட்ரோல் தாங்கும் அளவு. பெட்ரோல் மூடிக் கதவின் உட்புறம் ஒரு சிறு ஸ்டிக்கர் இருக்கும். அதில் எந்த எண் போட்டிருக்கிறதோ அதைப் போடுங்கள். உயர் ஆக்டேன்தான் வேண்டும் என்று இருந்தால் அதில் சிக்கனம் பிடிக்காதீர்கள். டர்போ இன்ஜினில் அது பின்னால் பெரிய செலவு வைக்கும். உங்கள் வண்டிக்குச் சாதாரணப் பெட்ரோலே போதும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பிறகு ஏன் அது? மைலேஜ் திரவத்தை இன்றோடு நிறுத்துங்கள்.

உண்மையில் பலன் தருவது வேகம். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். நீங்கள் வழக்கமாகப் போகும் 120ஐ 100ஆகக் குறைத்தால் காற்றுத் தடை மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கும். கூபே தாழ்வாக, வழுக்கும் உடலோடு இருந்தாலும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. டயரில் காற்று சரியாக இருந்து, இப்படி ஓட்டினால் 12.5 எதிர்பார்க்கலாம். 96 லிட்டர் ஆகும், 13 மிச்சம். அடுத்த முறை டயர் மாற்றும்போது அழகுக்காக இன்னும் அகலமாகப் போடாதீர்கள். டொயோட்டா 86 என்ற கூபே 2012இல் வந்தபோது 215 மி.மீ. அகல டயரோடுதான் வந்தது.

இனி ஹைபிரிட். லிட்டருக்கு 20 கி.மீ. தந்தாலும் மாதம் 60 லிட்டர் ஆகும். மிச்சம் 49. உங்கள் கூபேக்கு ஷோரூமில் தருவதாகச் சொன்ன விலை 9,000 லிட்டர், கடன் பாக்கியோ 10,600. இடையில் துண்டு விழும் 1,600ஐப் புது வண்டிக் கடனில் சேர்த்துவிடுவார்கள். புது வண்டிக்கு அவர்கள் போட்ட 18,000உம் சேர்ந்து 19,600. அதே வட்டி என்றாலும் தொடக்கத்தில் மாதம் 196 லிட்டர் வட்டி. 49 லிட்டர் மிச்சம் பிடிக்க 90 லிட்டர் கூடுதல் வட்டியா? விற்றுப்போன வண்டிக்கும் சேர்த்து வட்டி கட்ட வைக்கும் ஏற்பாடு இது. ஹைபிரிட் நல்ல தொழில்நுட்பம்தான், ஆனால் இந்தக் கடனோடு சேர்த்து அதை வாங்காதீர்கள்.

டாப்-அப்பை எப்படி நிறுத்துவது? முதலாவது டாப்-அப்புக்குக் காரணம் டயரும் இன்சூரன்ஸும். இவை திடீர்ச் செலவு அல்ல, எப்போது வரும் என்று தெரிந்த செலவு. உங்கள் 18 அங்குல டயர் நான்கும் 600 லிட்டர், இரண்டு வருடம் வருகிறது. மாதம் 25. இன்சூரன்ஸ் மாதம் 33, சர்வீஸும் பிரேக்கும் 25. மொத்தம் 83. இந்தத் தொகையைச் சம்பளம் வந்த அன்றே தனிக் கணக்குக்கு மாற்றுங்கள். எங்கிருந்து என்று கேட்பீர்கள். வேகத்தைக் குறைத்ததில் 13, உயர் ஆக்டேனும் திரவமும் நின்றதில் ஏறக்குறைய 20. மீதிக்கு, பங்குச் செயலியில் மாதம் போடும் 60ஐக் கொஞ்ச காலம் நிறுத்துங்கள். அந்தச் செயலியில் 12% வரலாம், வராமலும் போகலாம். கடனில் 12% போவது நிச்சயம். 83 போக மிஞ்சும் 10ஐக் கடன் அசலில் கட்டுங்கள், முன்கூட்டிக் கட்ட அபராதம் உண்டா என்று கேட்டுக்கொண்டு.

மைத்துனர் விஷயம் கடினம்தான், எனக்குப் புரிகிறது. அவருக்கு உதவவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கையில் இருப்பதில் கொடுக்க முடிந்ததைக் கொடுங்கள், காரை வைத்துக் கொடுக்காதீர்கள். முதலில் கொடுத்த 2,400க்கு 60 மாதத்தில் 3,200 கட்டுகிறீர்கள் என்பதை அவரிடம் சொல்லியிருக்கிறீர்களா? கடன் தாளை அவரையும் உங்கள் மனைவியையும் ஒன்றாக உட்கார வைத்துக் காட்டுங்கள். பலருக்கு இந்தக் கணக்கு தெரியாமலேயே கேட்கிறார்கள்.

இப்படிப் போனால் சுமார் இரண்டு வருடத்தில் கடன் பாக்கி வண்டியின் விலைக்குக் கீழே இறங்கும். விற்பதா வைத்துக்கொள்வதா என்ற கேள்வியை அப்போது எடுங்கள். அதுவரை பெட்ரோல் நோட்டில் இன்னொரு பத்தி போட்டு, ஒவ்வொரு மாதமும் கடன் பாக்கியையும் எழுதி வாருங்கள்.