பிளக் மாற்றியதும் மிஸ்ஸிங்: காயில் வாங்குவதற்கு முன் இதைப் பாருங்கள்

கேள்வி: நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார், ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில் (பொறிக்கு வேண்டிய உயர் வோல்ட்டைத் தரும் பாகம்). வண்டி நன்றாகவே ஓடியது. மாற்ற வேண்டிய கிலோமீட்டர் வந்துவிட்டதால் நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் நானே மாற்றினேன். ஸ்டார்ட் செய்ததுமே ஐடிலிங்கில் நடுக்கம். மேடு ஏறினால் செக் என்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னுகிறது. ஸ்கேனரில் பி0302 என்று வருகிறது. பிளக் மட்டமா? நான்கு காயிலையும் மாற்றிவிடவா?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். நேற்று வரை சரியாக ஓடிய என்ஜின் வேலை முடிந்த கையோடு மிஸ் ஆகிறது, அதாவது ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்றால், கை பட்ட இடத்தில்தான் முதலில் தேட வேண்டும். நீங்கள் தொட்டவை கனெக்டர், காயில், ரப்பர் பூட் (காயிலின் அடியில் பிளக் தலையை மூடும் உறை), பிளக், அவற்றுக்குக் குறுக்கே இருந்த காற்றுக் குழாய். பெரும்பாலும் பழுது இவற்றுக்குள்ளேயே அகப்பட்டுவிடும்.

அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. விளக்கு நிலையாக எரிவது வேறு, மின்னுவது வேறு. மின்னினால், எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் செய்யும் கேடலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது என்று பொருள். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் பீங்கான் கூடு உருகி அடைத்துக்கொள்ளும். பிளக், காயில் எல்லாவற்றையும் சேர்த்தாலும் கன்வர்ட்டர் விலைக்கு ஈடாகாது. எனவே பழுதைக் கண்டுபிடிக்கும் வரை வண்டியை ஓட்ட வேண்டாம். சோதனைக்கு நின்ற இடத்திலேயே சில நிமிடம் ஓடவிட்டால் போதும்.

பி0302 என்றால் இரண்டாம் சிலிண்டர். பி0301 முதல் பி0304 வரை கடைசி எண் சிலிண்டரைச் சொல்லும். பி0300 வந்தால் ஒரே இடத்தில் நிற்காமல் மாறிமாறி மிஸ் ஆகிறது. எண்ணுவதிலும் கவனம் வேண்டும். பெரும்பாலான என்ஜின்களில் பெல்ட் அல்லது செயின் இருக்கும் பக்கம்தான் ஒன்றாம் சிலிண்டர். சில தயாரிப்புகளில் கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து எண்ணுவார்கள். இது தெரியாமல் இரண்டுக்குப் பதில் மூன்றைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தால் நாள் முழுவதும் வீண். வண்டியின் கையேட்டில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

என்ஜினை அணைத்து ஆறவிட்டு, இரண்டாம் காயிலின் கனெக்டரைக் கழற்றி மீண்டும் செருகுங்கள். 'டிக்' என்று பூட்டு விழ வேண்டும். பழைய பிளாஸ்டிக் பூட்டு உடைந்திருந்தால் கனெக்டர் உட்கார்ந்தது போல் தெரியும்; என்ஜின் அதிர்வில் பின்வாங்கிவிடும். உள்ளே பின் வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பி0352 போன்ற குறியீடு (இரண்டாம் காயிலின் மின்சுற்றில் பழுது) கூடவே வந்திருந்தால் கனெக்டர், வயர், காயில் ஆகியவற்றின் மீது சந்தேகம் இன்னும் வலுக்கும்.

பிறகு காயிலை உருவி, ரப்பர் பூட்டைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். பல ஆண்டுகள் சூட்டில் இறுகிய ரப்பர், உருவும்போது கிழிந்திருக்கலாம். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பழைய பிளக்கின் தலையோடு வந்துவிட்டிருக்கலாம். ஸ்பிரிங் இல்லாத காயிலும் வெளியே பார்க்க நல்ல காயிலாகத்தான் தெரியும்.

எல்லாம் சரியாக இருந்தால், செலவில்லாத, நம்பகமான சோதனை இடமாற்றம்தான். இரண்டாம் காயிலை நான்காம் இடத்திலும், நான்காவதை இரண்டாம் இடத்திலும் மாட்டுங்கள். வேறு எதையும் தொடாதீர்கள். குறியீட்டை அழித்துவிட்டு ஓடவிடுங்கள். பி0304 வந்தால் காயில் அல்லது அதன் பூட்தான் குற்றவாளி. பி0302 அப்படியே நின்றால் காயிலை விட்டுவிட்டு, இரண்டாம் பிளக்கை ஒன்றாம் சிலிண்டருக்கு மாற்றுங்கள். இப்போது பி0301 வந்தால் பிளக். மிஸ்ஸிங்கே காணாமல் போய்விட்டது என்றால், முன்பு ஏதோ ஒன்று சரியாக உட்காரவில்லை. காயிலையும் பிளக்கையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். குறியீடு நகர்ந்தாலும் எதனால் நகர்ந்தது என்று தெரியாது.

ஓடும் என்ஜினில் காயிலைத் தூக்கிப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. செய்யவே கூடாது. காயிலில் பல்லாயிரம் வோல்ட் உருவாகிறது; உங்கள் கை வழியாகப் பாயலாம், கையைத் தவிர்த்தால் காயிலின் உள் இன்சுலேஷனைத் துளைக்கலாம்.

புதுப் பிளக் பழுதாக இருக்காது என்று நினைத்துவிட வேண்டாம். சாக்கெட் சற்றுச் சாய்ந்தாலே வெள்ளைப் பீங்கானில் மயிரிழை விரிசல் விழும். மின்சாரம் முனைக்குப் போகாமல் விரிசல் வழியே உலோக உடம்புக்குத் தாவிவிடும். ஐடிலிங்கில் ஓரளவு ஓடும், ஆக்ஸிலேட்டர் மிதித்தால் தடுமாறும். சிலிண்டருக்குள் அழுத்தம் ஏற ஏற முனையில் பொறி தாவ அதிக வோல்ட் தேவைப்படுவதே காரணம். பீங்கான் மேல் பென்சிலால் இழுத்தது போல நெடுக்குவாட்டில் கறுப்புக் கோடு தெரிந்தால் மின்சாரம் வெளிப்புறமாகக் கசிகிறது. அந்தக் கோடு ரப்பர் பூட்டின் உட்புறத்திலும் பதிந்திருக்கும். பிளக்கை மட்டும் மாற்றினால் பூட்டில் இருக்கும் தடம் புதுப் பிளக்கையும் கெடுக்கும், இரண்டையும் மாற்றுங்கள். ஆனால் உலோக உடம்புக்குச் சற்று மேலே சுற்றிலும் பழுப்புக் கறை மட்டும் இருந்தால் அது பழுதில்லை. மின்புலம் இழுத்த எண்ணெய்த் துகள்களின் கறை அது.

அடுத்தது முனை இடைவெளி. டர்போ இல்லாத என்ஜின்களில் பொதுவாக 0.8 முதல் 1.1 மி.மீ., டர்போவில் 0.6 முதல் 0.8 மி.மீ. வரை இருக்கும், உங்கள் என்ஜினுக்கான துல்லியமான அளவு கையேட்டில் இருக்கும். பெட்டியில் வரும்போதே சரியாக இருக்கும் என்பார்கள். ஒரே பிளக் பல என்ஜின்களுக்குப் பொருந்துவதால் அதை நம்ப முடியாது. கீழே விழுந்த பிளக்கில் இடைவெளி மூடிப்போயிருக்கும், பீங்கானும் விரிசல் விட்டிருக்கலாம்; அதை மாட்டாமல் ஒதுக்கிவிடுங்கள். இரிடியம் பிளக் என்றால் கம்பி வகை கேஜால் மெதுவாக அளக்க வேண்டும். நடு முனை ஊசி போல் மெல்லியது, நெம்பினால் ஒடிந்துவிடும். வளைப்பதானால் பக்க முனையை மட்டும் வளைக்கலாம்.

பிளக் தலையில் இருக்கும் சிறிய நட்டையும் கவனியுங்கள். சில பிளக்குகளில் அது கழற்றக்கூடியது. தளர்வாக இருந்தால் தொடர்பு விட்டுவிட்டுக் கிடைக்கும். மல்டிமீட்டர் இருந்தால் தலைக்கும் நடு முனைக்கும் இடையே மின்தடையைப் பாருங்கள். ரெசிஸ்டர் வகைப் பிளக்கில் சுமார் 5 கிலோ ஓம் அளவில் வரும். எல்லையில்லாத தடை காட்டினால் உள்ளே முறிந்துவிட்டது.

பார்ட் நம்பரையும் ஒப்பிடுங்கள். மரையின் நீளம் கூடினால் பிஸ்டனில் இடிக்கலாம். பிளக் எவ்வளவு விரைவாகச் சூட்டை வெளியேற்றும் என்று சொல்லும் வெப்ப எண்ணில் பலர் ஏமாறுவது, கம்பெனிக்குக் கம்பெனி கணக்கு தலைகீழ் என்பதால்தான்: என்ஜிகே, டென்சோ இரண்டிலும் எண் கூடக் கூட பிளக் 'குளிர்', பாஷில் எண் கூடினால் 'சூடு'. வெப்ப எண் தவறியதால் முதல் ஸ்டார்ட்டிலேயே மிஸ் ஆவது அபூர்வம், ஓடஓட கரி படிந்தே ஆகும்.

முறுக்கும் அளவு: அலுமினிய ஹெட்டில் வாஷருடன் வரும் 14 மி.மீ. மரைக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ. மரைக்கு 15 முதல் 20. முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லையென்றால், புதுப் பிளக்கைக் கையால் முழுதும் திருகி உட்காரவைத்து, பிறகு அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று வரை. தளர்ந்த பிளக்கில் கம்ப்ரஷன் கசியும், சூடு வெளியேறாது. மரையில் கிரீஸ் தடவாதீர்கள். தடவினால் அதே அளவில் முறுக்கினாலும் இறுக்கம் கூடி மரை போகும். மின்காப்பு கிரீஸ் வேண்டுமென்றால் பூட்டின் வாய்க்குள் மெல்லிய பூச்சு போதும், ஸ்பிரிங்கில் படக்கூடாது.

பிளக் இறங்கும் குழியில் எண்ணெய் தேங்கியிருந்தால், என்ஜின் ஹெட்டின் மேல்மூடியான டேப்பட் கவரின் குழாய் சீல் போய்விட்டது. எண்ணெயில் ஊறிய பூட் மென்மையாகி மின்சாரத்தைக் கசியவிடும். சீலை மாற்றாமல் துடைத்துவிட்டு மாட்டினால் மீண்டும் இதே கதைதான்.

காயில், பிளக் இரண்டையும் மாற்றிப் பார்த்தும் இரண்டாம் சிலிண்டரே மிஸ் ஆனால், இன்ஜெக்டர் கனெக்டரைப் பாருங்கள். கை தட்டிக் கழன்றிருக்கலாம். அதுவும் சரியென்றால், சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் சோதனை. எல்லாப் பிளக்கையும் கழற்றி, பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்து, ஆக்ஸிலேட்டரை முழுதும் மிதித்துச் சுழற்ற வேண்டும். ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிட வெகுவாகக் குறைந்தால் வேலை மெக்கானிக்கிடம்தான். பி0300-உடன் பி0171 (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு) வந்தால் கதை வேறு: கழற்றிய காற்றுக் குழாயோ வேக்யூம் ஹோஸோ சரியாக மாட்டப்படாமல் இருக்கலாம்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். சோதனையில் ஒரு காயில் பழுதென்று உறுதியானால் அந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தேய்ந்த பிளக்கோடு நெடுநாள் அதிக வோல்ட்டில் உழைத்த காயில், அசைத்ததும் போவது உண்டு. மற்ற மூன்றில் பூட் இறுகியிருந்தால் பூட்டை மட்டும் மாற்றலாம், தனியாகக் கிடைக்கும் வகையென்றால். சரிசெய்தபின் குறியீட்டை அழித்து, ஐடிலிங்கிலும் மேட்டிலும் ஓட்டி, ஸ்கேனரில் மிஸ்ஃபயர் எண்ணிக்கை பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே மிஸ்ஸிங்கோடு பல நாள் ஓட்டியிருந்தால் டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் என்ஜின் ஆயிலையும் மாற்றிவிடுங்கள்.