மூன்று ரவுண்டுக்கு மட்டம் போட்ட சாம்பியன்: ராலி கேள்வி-பதில்

உலக ராலி சாம்பியன்ஷிப்பின் 2025 சீசனைப் பற்றி வந்த கேள்விகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் இரண்டே சந்தேகம்தான். யாருக்கு எதற்காகக் கார் கொடுக்கிறார்கள், இந்த விளையாட்டு தாக்குப்பிடிக்குமா? இரண்டும் ஒரே கேள்வி என்பது என் கட்சி. படித்துவிட்டுத் திட்டுங்கள்.

கே: 14 ரவுண்டில் (ரவுண்டு என்றால் சீசனில் ஒரு ராலி) 3-க்கு வராத செபாஸ்டியன் ஓஜியே சாம்பியன். எல்லாவற்றுக்கும் வந்த எல்ஃபின் எவன்ஸ் வெறும் 4 புள்ளியில் இரண்டாமிடம். இது அநியாயம் இல்லையா?

ப: விதிப்படி ஒரு தப்பும் இல்லை. ஆனால் உங்கள் வயிற்றெரிச்சலில் நியாயம் இருக்கிறது, ஏன் என்று சொல்கிறேன். ராலியில் எல்லோரும் ஒன்றாகக் கிளம்புவதில்லை, சில நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராகப் போகிறார்கள். முதல் நாள் யார் முன்னால் போவது என்பதை சாம்பியன்ஷிப் பட்டியல் முடிவு செய்கிறது. முதலிடத்தில் இருப்பவர்தான் முதலில் போக வேண்டும். மண் பாதையில் அது பரிசு இல்லை, தண்டனை. மேலே கிடக்கும் தளர்ந்த ஜல்லியையும் மணலையும் அவர் கார்தான் ஒதுக்கித் தள்ளிக்கொண்டு போகும், பின்னால் வருகிறவர்களுக்குப் பெருக்கி வைத்த பாதை. எவன்ஸ் சுவீடனிலும் கென்யாவிலும் ஜெயித்தார், அதற்குச் சன்மானமாகக் கையில் துடைப்பம் கிடைத்தது. அந்த இரண்டுக்கும் வராத ஓஜியே புள்ளியில் பின்தங்கி இருந்ததால் போர்ச்சுகலிலும் சார்டினியாவிலும் பின்னால் கிளம்பி இரண்டையும் ஜெயித்தார். வராமல் இருந்ததே ஒரு லாபமாகிவிட்டது!

அதற்காக அந்த மனிதரின் ஒன்பதாவது பட்டத்தை ஓசியில் வந்ததாகச் சொல்ல மாட்டேன். மான்டே கார்லோவும் ஜப்பானும் தார்ச்சாலை ராலிகள், அங்கே முன்னால் போகிறவருக்குத்தான் சுத்தமான பாதை, இரண்டிலும் ஓஜியேதான் ஜெயித்தார். மொத்தம் ஆறு வெற்றி. ஒன்பது பட்டம் என்பது செபாஸ்டியன் லோப் 2004 முதல் 2012 வரை வரிசையாக எடுத்த எண்ணிக்கை. ஓஜியே அதை மூன்று கம்பெனி கார்களில் எட்டியிருக்கிறார். எவன்ஸுக்கோ இது ஐந்தாவது இரண்டாமிடம். மனசு கனக்கத்தான் செய்கிறது.

கே: ஓஜியே, எவன்ஸ் இருவருக்கும் கார் கொடுத்த டொயோட்டாவாவது "வந்தால் முழு சீசனுக்கு வா, இல்லையென்றால் வேண்டாம்" என்று சொல்லியிருக்கக் கூடாதா?

ப: எதற்குச் சொல்ல வேண்டும்? கம்பெனிகளுக்கென்று தனிப் பட்டம் இருக்கிறது. அதற்கு ஒரு அணி மூன்று பேரை நியமிக்கலாம், முன்னால் வந்த இருவரின் புள்ளிதான் கணக்கு. ஆக மூன்றாவது சீட் என்பது ஒரு காப்பீடு, அதில் பாதைக்கு ஏற்றபடி ஆளை மாற்றிக்கொள்ளலாம். ஹூண்டாய் 2019-ல் தியரி நூவிலை நிலையாக வைத்துக்கொண்டு டானி சோர்டோ, லோப், ஆண்ட்ரியாஸ் மிக்கெல்சன், கிரெய்க் பிரீன் என்று ஆளை மாற்றி மாற்றி ஏற்றி கம்பெனிப் பட்டத்தை எடுத்தது. 2020-லும் எடுத்தது. இரண்டு வருடமும் ஓட்டுநர் பட்டம் வேறு வீட்டுக்குப் போனது, அதைப் பற்றி அவர்கள் அழுததாகத் தெரியவில்லை.

2024 ஜப்பான் ஞாபகம் இருக்கிறதா? கடைசி நாள் முன்னிலையில் இருந்த ஹூண்டாயின் ஒட் தானாக் காரை மோதினார். அந்த ஒரு மோதலில் நூவிலுக்கு ஓட்டுநர் பட்டம் உறுதியானது, ஏனென்றால் அவரை எட்டிப்பிடிக்கக்கூடியவர் தானாக் ஒருவர்தான். அதே மோதலால் கம்பெனிப் பட்டம் வெறும் 3 புள்ளியில் டொயோட்டாவுக்குக் கைமாறியது. ஒரே அணிக்குள் ஒரே நிமிடத்தில் ஒருவருக்குக் கல்யாணம், இன்னொருவருக்குக் கருமாதி.

கே: இவ்வளவு கணக்கு எதற்கு? இருப்பதிலேயே வேகமானவரை எடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே?

ப: சிட்ரோன் கதையைக் கேளுங்கள், ஓட்டுநர் தேர்வு என்றாலே எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். 2011-ல் அவர்களிடம் லோப், ஓஜியே இருவரும் ஒரே நேரத்தில் இருந்தார்கள். ஒரு உறையில் இரண்டு கத்தி. ஜெர்மனி ராலியில் முன்னால் போகும் லோபை விரட்ட வேண்டாம் என்று ஓஜியேவுக்கு உத்தரவு. லோபின் டயர் பஞ்சர் ஆனது, ஓஜியே ஜெயித்தார், அதோடு வீட்டுக்குள் பேச்சுவார்த்தை முடிந்தது. சிட்ரோன் லோபை வைத்துக்கொண்டது. ஓஜியே ஃபோக்ஸ்வாகனுக்குப் போய், அவர்கள் போலோ காரைத் தயார் செய்யும்வரை 2012 முழுக்க ஒரு சின்ன ஸ்கோடாவை ஓட்டிக்கொண்டு பொறுமையாக இருந்தார். 2012-ல் லோப் சாம்பியன், சிட்ரோன் எடுத்த முடிவு சரி என்றுதான் எல்லோருக்கும் தோன்றியது. அப்புறம் லோப் முழுநேரம் ஓட்டுவதை நிறுத்தினார், ஓஜியே 2013 முதல் 2016 வரை நான்கு பட்டம் வரிசையாக எடுத்தார். சிட்ரோன் அதற்குப் பிறகு ஓட்டுநர் பட்டத்தையும் பார்க்கவில்லை, கம்பெனிப் பட்டத்தையும் பார்க்கவில்லை. அன்றைய வேகத்தில் அவர்கள் தேர்வில் தப்பில்லை, அடுத்த ஐந்து வருடத்தில்தான் கோட்டை விட்டார்கள்.

இதில் கிளைமாக்ஸ் பாக்கி இருக்கிறது. 2016 முடிவில், டீசல் ஊழல் புயலுக்கு நடுவே ஃபோக்ஸ்வாகன் திடீரென்று விலகியது, நடப்புச் சாம்பியன் வேலை இல்லாமல் தெருவில் நின்றார். எம்-ஸ்போர்ட் என்ற அணியில் சேர்ந்து ஃபோர்டு காரில் இரண்டு பட்டம் எடுத்துவிட்டு 2019-ல் மறுபடி சிட்ரோனுக்கே வந்தார். ஒரே வருடம். கார் சரியில்லை என்று கிளம்பினார். உடனே சிட்ரோன், ஓஜியே போய்விட்டார், 2020-க்கு முதல்தர ஓட்டுநர் யாரும் காலியாக இல்லை என்று காரணம் சொல்லி ராலியை விட்டே போய்விட்டது. ஒரு ஆள் ராஜினாமா செய்ததற்கு ஒரு கம்பெனியே கடையை மூடிய விளையாட்டு இது.

கே: இளம் ஓட்டுநர் ஆலிவர் சோல்பெர்கை ஹூண்டாய் ஏன் விட்டது?

ப: 2022-ல் அவருக்கு இருபது, இருபத்தொரு வயது, காரைக் கொஞ்சம் அதிகமாகவே நசுக்கினார். ஹூண்டாய் பொறுக்கவில்லை. அடுத்த நிலை கார்களுக்கு இறங்கிப் போய் ஓட்டிப் பழகினார், 2025 எஸ்டோனியாவில் டொயோட்டா ஒரே ஒரு ராலிக்கு என்று சொல்லி மேல்நிலைக் காரைக் கொடுத்தது, ஜெயித்தே விட்டார். ஓஜியே மட்டம் போட்ட ராலிகளில் அதுவும் ஒன்று. 2026-க்கு முழு சீசன் சீட்.

கே: பணம் கொண்டு வருபவருக்கு சீட் என்பது கேவலம் இல்லையா?

ப: எனக்கு அப்படித் தோன்றவில்லை. டொயோட்டாவும் ஹூண்டாயும் கம்பெனி அணிகள், சம்பளம் கொடுக்க முடியும். எம்-ஸ்போர்ட் அடிப்படையில் ஒரு பட்டறை: ராலி கார் செய்து விற்றுப் பிழைக்கிற இடம், ஃபோர்டின் ஆதரவு இருந்தாலும் உலை எரிவது வாடிக்கையாளர் பணத்தில்தான். ஓட்டுநர் ஸ்பான்சரோடு வந்தாலொழிய அங்கே வண்டி நகராது. 2025-ல் அங்கே ஓட்டிய ஜோஷ் மெக்எர்லீனுக்குப் பின்னால் அயர்லாந்தின் ராலி அகாடமி இருந்தது. ஒரு நாடே தன் பையனுக்குக் கட்டணம் கட்டுகிற மாதிரி. இதில் கேவலம் எங்கே இருக்கிறது? சிக்கல் வேறு. மேல்நிலைக் கார்கள் மொத்தமே பத்து, பன்னிரண்டுதான் ஓடுகின்றன. சீட் நாற்பது இருந்தால் யார் பணம் கட்டி வந்தார் என்று யாரும் எண்ணிப் பார்க்க மாட்டார்கள்.

கே: பக்கத்தில் உட்கார்ந்து பாதைக் குறிப்பைப் படித்துச் சொல்லும் கோ-டிரைவரை அணி தேர்ந்தெடுக்கிறதா, ஓட்டுநரா?

ப: பெரும்பாலும் ஓட்டுநர்தான். அது கல்யாணம் மாதிரி, பெரியவர்கள் பார்த்து முடித்தால் சில சமயம் ஒத்துப்போகும், அவ்வளவுதான். நூவில் பல வருடம் கூட இருந்த நிக்கோலா கில்சூலை 2021 மான்டே கார்லோவுக்குச் சில நாள் முன்பு பிரிந்தார், மார்ட்டைன் வைடாகே அவசரமாக வந்து உட்கார்ந்தார், 2024-ல் இருவரும் சாம்பியன். லோப் 2022 மான்டே கார்லோவை 47 வயதில் ஜெயித்தபோது பக்கத்தில் இருந்த இசபெல் கல்மிஷ் ஒரு கணக்கு டீச்சர்.

கே: 22 வயதில் உலகச் சாம்பியன் ஆன காலே ரோவன்பெரா 25-லேயே ராலி போதும் என்றாரே. என்ன அர்த்தம்?

ப: அவர் பக்கம் பார்த்தால் புரிகிறது. சின்னப் பையனாக இருந்தபோதே ராலி கார் ஓட்டியவர், அப்பாவும் ராலிக்காரர், 2022, 2023 என்று இரண்டு பட்டம் எடுத்துவிட்டார். சர்க்யூட் பந்தயத்துக்குப் போகிறேன் என்றார், டொயோட்டாவே அனுப்பி வைத்தது. போகட்டும்.

எனக்கு உறுத்துவது விளையாட்டின் பக்கம். மிக இளம் வயது சாம்பியன் என்று காலின் மெக்ரே 27 வயதில் வைத்திருந்த சாதனையை ஐந்து வருட வித்தியாசத்தில் உடைத்த ஒரு பையன் கிடைத்தால், அவனை வைத்து இந்த விளையாட்டைப் பத்து வருடம் விற்றிருக்கலாம். ஆனால் அவரை 2024-லேயே பாதி சீசன் மட்டும் பார்த்தோம். 2025 முடிவில் அவர் போனார், அதே நேரத்தில் தானாக்கும் ஒதுங்கினார், மிச்சம் இருக்கும் பெரிய பெயரான ஓஜியே இஷ்டப்பட்ட ராலிக்கு வருவார். ராலி பார்க்காத ஒருவரிடம் "இந்த ஞாயிற்றுக்கிழமை யாரைப் பார்க்க நான் டிவியைப் போட வேண்டும்" என்ற கேள்வி வந்தால் என்ன பதில் சொல்வது? சீரியலில் கதாநாயகன் மூன்று வாரத்துக்கு ஒரு முறை வந்தால் யார் பார்ப்பார்கள்? அணிக்கு வேண்டியது புள்ளி, அது பகுதிநேர ஆளிடமும் கிடைக்கும். விளையாட்டுக்கு வேண்டியது தொடர்கதை, அதை எழுத முழு சீசன் முகம் வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துக் கட்ட விதியில் ஒன்றுமே இல்லை.

கே: டிவியில் நன்றாகத்தானே காட்டுகிறார்கள்? ஏன் பணம் வருவதில்லை?

ப: 2018 முதல் எல்லா ஸ்டேஜையும் (நேரம் கணக்கிடும் பாதைத் துண்டுகள்) நேரலையில் காட்டுகிறார்கள், ஹெலிகாப்டர், காருக்குள் கேமரா, குறையே இல்லை. ஆனால் காலையிலிருந்து சாயங்காலம் வரை மூன்று நாள் ஓடுகிற ஒன்றை எந்தச் சேனல் முழுதாக வாங்கும்? சர்க்யூட் என்றால் சுற்றிச் சுவர் எழுப்பி டிக்கெட் கிழிக்கலாம், விளம்பரப் பலகையைத் தாண்டி கார் ஐம்பது தடவை வரும். இங்கே காடு, மலை, 300 கிலோமீட்டர் பாதை, ஒரு வளைவில் ஒரு கார் ஒன்றிரண்டு தடவைதான் வரும், புழுதிதான் மிச்சம். அதனால் பணம் எங்கிருந்து வருகிறது என்றால் ராலியை நடத்தும் நாட்டு அரசுகளிடமிருந்து. சவூதி அரேபியா 2025-ல் பத்து வருட ஒப்பந்தத்தோடு உள்ளே வந்தது அப்படித்தான். பிரிட்டன் 2019-க்குப் பிறகு பட்டியலிலிருந்து விழுந்ததும் அப்படித்தான்.

வியாபாரத்தை நடத்தியவர்களின் கதையும் லேசுப்பட்டது அல்ல. விளம்பர உரிமை வைத்திருந்த நிறுவனத்தை 2011-ல் வாங்கிய விளாதிமிர் அன்டோனோவ் அதே வருடம் வங்கி விவகாரத்தில் கைதானார், 2012 சீசன் தொடங்கும்போது உரிமையாளரும் இல்லை, முறையான ஒளிபரப்பும் இல்லை. 2013-ல் ரெட்புல் கூட்டணி வந்து தூக்கி நிறுத்தியது. அந்த ஒரு வருட இருட்டிலும் விளையாட்டு செத்துப்போகவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கே: 2027-ல் விதியை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடுமா?

ப: எல்லாம் இல்லை, ஆனால் இந்தத் தடவை நோயைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். 2022-ல் ஹைபிரிட், அதாவது எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்த கார் கொண்டுவந்தார்கள், புதிய கம்பெனிகள் வரிசையில் நிற்கும் என்றார்கள். ஒன்றுகூட வரவில்லை. செலவுதான் ஏறியது, அந்த மின்கருவி பாதுகாப்பு விளக்கில் சிவப்பைக் காட்டினால் நல்ல காரையும் ஓரங்கட்ட வேண்டியிருந்தது, மூன்று வருடத்தில் கழற்றிப் போட்டார்கள். 2027 காருக்கு 3,45,000 யூரோ உச்சவரம்பு, 2025 மேல்நிலைக் காரின் விலையில் பாதிக்கும் கீழே. சுமார் 300 குதிரைத்திறன், அடுத்த நிலை கார்களின் பாகங்களையே போட்டுக்கொள்ளலாம். முக்கியமாக, பெரிய கம்பெனி இல்லாத ஒரு பட்டறைகூட சொந்தமாகக் கார் செய்து இறக்கலாம்.

1999-ல் டொயோட்டா, சுபாரு, மிட்சுபிஷி, ஃபோர்டு, சியாட், பெஷோ, ஸ்கோடா என்று ஏழு பெயர்கள் பட்டியலில் இருந்தன. 2025-ல் மூன்று. 500 குதிரைத்திறன் வேண்டும் என்று சண்டை போடுகிற நண்பர்களுக்கு நான் சொல்வது, ஓரமாக நின்று பார்க்கும்போது 300 குதிரையும் பயமாகத்தான் இருக்கும், ஆனால் ஐந்து கார் போனதும் சாலை காலியானால் எந்தக் குதிரையும் உதவாது.

கே: பெரிதாகப் பேசுகிறீர்கள், உங்களிடம் ஒரு அணியைக் கொடுத்தால் யாரை எடுப்பீர்கள்?

ப: எவன்ஸ் முழு சீசன், தூங்கி எழுந்தாலும் புள்ளி கொண்டு வருவார். சோல்பெர்க் முழு சீசன், நாலு காரை நசுக்கினாலும் பரவாயில்லை. மூன்றாவது சீட்டில் ஓஜியே, அவருக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது வரட்டும். அதாவது டொயோட்டா செய்ததையேதான் நானும் செய்வேன், அதுதான் எரிச்சலாக இருக்கிறது.