பலூன் மியூசியத்தில் முதலில் கூடையைப் பாருங்கள்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "செப்டம்பர் கடைசியில் அமெரிக்காவிலுள்ள மகள் வீட்டுக்குப் போகிறேன். ஆல்புகர்க்கி ஊரில் பலூன் மியூசியம் இருக்கிறது, கூட்டிப்போகிறேன் என்கிறார் மருமகன். பொள்ளாச்சித் திருவிழாவில் ஆள் ஏறிப் பறக்கும் பலூன்களைத்தான் ஜனவரியில் பார்த்துவிடுகிறோமே, மியூசியத்தில் புதிதாக என்ன இருக்கப் போகிறது? எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது, முழங்கால் வலி வேறு. 9 வயதுப் பேரனும் வருவான்."

தாராளமாகப் போய் வாருங்கள். படிக்க வராதது ஒரு குறையே இல்லை. ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும், அங்கே பாதிக்கு மேல் தானாகவே புரியும். பலூனில் இரண்டு சாதி உண்டு. ஒன்று வெப்பக்காற்று, இன்னொன்று ஹீலியம் மாதிரி லேசான வாயு. கூடைக்கு மேலே பர்னர் இருந்தால் முதல் சாதி. பர்னர் இல்லாமல் ஓரத்தில் மணல் மூட்டை தொங்கினால் இரண்டாவது. எதன் முன்னால் நின்றாலும் முதலில் இதைப் பாருங்கள். பேரனிடம் சொல்லிவிட்டால் அவனே ஓடி ஓடிக் கண்டுபிடிப்பான்.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1.2 கிலோ எடை. அதை 100 டிகிரிக்குச் சூடாக்கினால் கிட்டத்தட்ட 250 கிராம் குறையும். தூக்கும் சக்தி அவ்வளவுதான். 2,200 கன மீட்டர் பலூன் ஒன்று 550 கிலோவைத் தூக்கும். துணி, கூடை, சிலிண்டர் எடையைக் கழித்தால் மிஞ்சுவது மூன்று நான்கு பேர். சிலிண்டர் தீர்ந்தால் இறங்க வேண்டியதுதான். ஹீலியத்தில் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோவே தூக்கலாம், அடுப்பும் எரிக்க வேண்டாம். அட்லாண்டிக்கையும் பசிபிக்கையும் முதலில் தாண்டியவர்கள் ஹீலியத்தை நம்பியது அதனால்தான்.

மியூசியத்தின் பெயரில் இருக்கும் ஆண்டர்சன், அப்ருசோ இருவரும் ஆல்புகர்க்கிக்காரர்கள். லாரி நியூமேன் என்பவரையும் சேர்த்துக்கொண்டு 1978 ஆகஸ்டில் 137 மணி நேரம் பறந்து, பலூனில் அட்லாண்டிக்கை முதன்முதலில் கடந்தார்கள். அந்தப் பலூனின் பெயர் டபுள் ஈகிள் 2; அதில் ஆட்கள் இருந்த கூண்டு வாஷிங்டன் பக்கம் ஸ்மித்சோனியன் மியூசியத்தில் இருக்கிறது. ஆல்புகர்க்கியில் நீங்கள் தேட வேண்டியது, 1981-இல் ஜப்பானிலிருந்து பசிபிக்கைக் கடந்த டபுள் ஈகிள் 5-இன் கூண்டு. நான்கு ஆண்கள், 84 மணி நேரம். பக்கத்தில் நின்று, உட்காரவும் படுக்கவும் எவ்வளவு இடம் என்று கண்ணால் அளந்து பாருங்கள். நம்மூர் பஸ்ஸில் நின்றுகொண்டு போவதே மேல் என்று தோன்றும்.

பிரம்புக் கூடையையும் விட்டுவிடாதீர்கள். இந்தக் காலத்திலும் பிரம்பு எதற்கு என்று பலர் கேட்பார்கள். தரையில் மோதும்போது பிரம்பு வளைந்து கொடுக்கும், உலோகம் அடியைக் காலுக்கு அனுப்பும். கூடையின் அடி விளிம்பில் தோல் தைத்திருப்பார்கள், அதில் உராய்ந்த தழும்பு இருந்தால் அது நிஜமாகப் பறந்த கூடை.

1783-இல் பாரிஸ் பக்கம் ஆடு, வாத்து, சேவல் மூன்றும் பலூனில் பறந்த கதையைப் பேரனுக்கு வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப்போங்கள்.

சரி, எப்போது போவது? அக்டோபர் முதல் வாரத்தையொட்டி, மியூசியத்தின் பக்கத்து மைதானத்திலேயே ஒன்பது நாள் பலூன் திருவிழா நடக்கும். 1972-இல் 13 பலூனோடு தொடங்கியது, இப்போது நூற்றுக்கணக்கில் வருகின்றன. பலூன் ஊதும் இடத்துக்குள்ளேயே நடக்க விடுவார்கள். இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கட்சி. மைதானத்துக்கு விடியும் முன்பே போக வேண்டும், மத்தியானம் மியூசியத்துக்கு வரும்போது முழங்கால் ஒத்துழைக்காது. முதல் நாள் மைதானம், மறுநாள் மியூசியம், அரை நாள் தாராளம். அங்கே பொதுக் கட்டடங்களில் சாய்தளமும் லிஃப்ட்டும் வைத்தாக வேண்டும் என்று சட்டம், அதனால் கவலை மைதான நடைக்கு மட்டும்தான்.

மைதானத்தில் ஒரு வேடிக்கை பாருங்கள். கீழ்க்காற்று தெற்கே தள்ளும், கொஞ்சம் மேலே போனால் வடக்கே தள்ளும். இந்த இரண்டும் அமைகிற நாளில், ஏறிய பலூன் சுற்றி வந்து ஏறிய இடத்துக்கருகிலேயே இறங்கும். இதை 'பாக்ஸ்' என்பார்கள். நம் பாலக்காட்டுக் கணவாயில் ஜனவரியில் கிழக்கிலிருந்து வரும் காற்று பலூனைப் பெரும்பாலும் மேற்கேதான் தள்ளும். பொள்ளாச்சியில் ஏறியது எல்லை தாண்டி, கேரளத்துக் கன்னிமாரி வயலில் இறங்குவதற்குக் காரணம் அதுதான்.

ஆல்புகர்க்கி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரம், வால்பாறையை விட மேலே, ஊட்டியை விடக் கீழே. ஆனால் காற்று வறட்சி, தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள். அதிகாலைக்கு ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் வேண்டும். மியூசியத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. திருவிழா நாட்களில் நேரம் மாறும், மருமகனை முந்தின நாளே பார்த்து வைக்கச் சொல்லுங்கள்.