கைப்பிடி சுற்றும் பையன்

கேள்வி: வகுப்பில் பிள்ளைகள் தலையில் ஒயர் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, வாத்தியார் புத்தகங்களை ஒரு மெஷினுக்குள் போடுகிற பழைய பிரெஞ்சு ஓவியம் வாட்ஸ்அப்பில் வந்தது. ஏ.ஐ. வரும் என்று நூறு வருஷத்துக்கு முன்பே கணித்துவிட்டார்கள் என்கிறான் மகன். என் டியூஷன் சென்டரில் பெரிதாக பிரின்ட் போட்டு மாட்டலாமா?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: தாராளமாக மாட்டுங்கள் அம்மா. ஆனால் கணிப்பு, கிணிப்பு என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1900ல் நடந்த பாரிஸ் உலகக் கண்காட்சியை ஒட்டி, '2000ஆம் ஆண்டில்' என்ற தலைப்பில் ழான் மார்க் கோத்தே முதலிய ஓவியர்கள் வரைந்த வரிசையில் அதுவும் ஒன்று. சுருட்டுப் பெட்டிக்குள் வைக்கிற பட அட்டைகள். பார்த்துச் சிரிக்கத்தான். கடலுக்கடியில் திமிங்கலத்தைப் பூட்டிய பஸ்கூட அதில் உண்டு. அதை யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை, பலிக்கவில்லையே!

படத்தை விரலால் பெரிதாக்கிப் பாருங்கள். அந்த மெஷின், காபிக்கொட்டை அரைக்கிற மில்லேதான். மேல் வாயில் புத்தகம் விழுகிறது, அரைபட்ட பாடம் ஒயர் வழியே காதுக்குப் போகிறது. அந்த ஒயரும் புதுசில்லை. 1881லேயே பாரிஸில் டெலிபோனைக் காதில் வைத்து, தூரத்தில் நடக்கிற ஓபராவைக் கேட்டார்கள். சில வருஷங்களில் அது கட்டணச் சேவையாகவும் வந்துவிட்டது. இருந்த சாமான் இரண்டை ஒட்டவைத்து எதிர்காலம் என்று பெயர் வைத்துவிட்டார் ஓவியர்.

எனக்கு அதில் பிடித்தது மில்லின் கைப்பிடியைச் சுற்றுகிற பையன். பாடமே மின்சாரத்தில் ஓடுகிற பள்ளியில் மில்லைச் சுற்ற மட்டும் ஓர் ஆள் வேண்டியிருக்கிறது! அவன் தலையில் ஒயர் கிடையாது. மற்றவன் படிக்க இவன் கை வலிக்கச் சுற்றுகிறான். ஓவியர் கிண்டலாகத்தான் வரைந்தாரா, யோசிக்காமல் வரைந்தாரா? இன்னோர் அட்டையில் தரை தேய்க்க மின்சார பிரஷ் வந்துவிட்டது. அதை ஓட்டுவது பழைய பணிப்பெண்ணேதான். அதனால் யோசிக்கவில்லை என்றே நினைக்கிறேன். மெஷின் மாறும் என்று தோன்றியவர்களுக்கு, வேலைக்காரி இல்லாத வீடு தோன்றவில்லை.

பிரின்ட் போடும்போது ஒன்று. சுவர் அளவுக்குப் பொருந்தவில்லை என்று ஃப்ளெக்ஸ் கடைக்காரர் ஓரத்தை வெட்டப் பார்ப்பார். பையன் ஓரமாகத்தான் நிற்கிறான், பார்த்துக்கொள்ளுங்கள்.