1970-களின் பைக், வெயிலில் உள்ளிருந்து மின்னும் சிவப்பு. அந்த கம்பெனி கலர் இப்போது வருவதில்லை. டேங்கை ஸ்கேன் செய்தால் அதே கலர் கிடைக்குமா?

சாதாரண கலராக இருந்தால் ஏறக்குறைய கிடைக்கும். உள்ளிருந்து மின்னுகிறது என்கிறீர்கள், அப்படியென்றால் அது கேண்டி கலர். அதற்குக் கிடைக்காது.

நான் பெயிண்டர் இல்லை. ‘நீ யார் இதைச் சொல்ல’ என்று வருபவர்களுக்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் என் ஹோண்டா சிபி750-க்காக இந்தக் கூத்து எல்லாவற்றையும் கூடவே நின்று பார்த்தவன். 1969-ல் அந்த வண்டி வந்தபோதே நீலப்பச்சை, ரூபி சிவப்பு, தங்கம் என்று கேண்டி கலர்களில்தான் வந்தது. என்னுடையது சிவப்பு.

கேண்டி என்பது ஒரே பெயிண்ட் இல்லை. அடியில் மெட்டாலிக் கோட், அதன் மேல் ஒளி ஊடுருவும் சிவப்பு, அதற்கும் மேலே நிறமில்லாத கிளியர். ஜிகினாத் தாளின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாளை ஒட்டியது மாதிரி. நடுவில் ஒரு கோட் கூடிவிட்டால் ஷேடு இருண்டுவிடும். அதனால் கலவை சரியாகவே இருந்தாலும் அடிக்கிற கை மாறினால் கலர் மாறும். ஸ்கேனர் திரும்பி வரும் ஒளியை அளந்து, தன்னிடம் இருக்கும் ஃபார்முலாக்களில் நெருக்கமான ஒன்றை எடுத்துக் கொடுக்கிறது. எந்த அடுக்கு எவ்வளவு என்று அது பிரித்துச் சொல்வதில்லை. எனக்கு அது கொடுத்த கலவையை அட்டையில் அடித்துப் பார்த்தால் செங்கல் நிறத்தில் ஒரு மெட்டாலிக். உயிரே இல்லை.

அதைவிடப் பெரிய விஷயம், எந்த இடத்தை ஸ்கேன் செய்கிறீர்கள் என்பது. பல வருடம் வெயில் தின்ற டேங்க் அது. டேங்கின் பக்கவாட்டில் இருக்கும் கம்பெனி எம்ப்ளத்தின் ஸ்க்ரூக்களைக் கழற்றினேன். அதன் ஓரத்தில் பழைய வாக்ஸ் காய்ந்து வெள்ளைக் கோடாக நின்றது. கோட்டுக்கு உள்ளே அடர்ந்த ரத்தச் சிவப்பு. ஒரு விரல் தள்ளி வெளியே செம்பு நிறம். இரண்டும் ஒரே நாளில் அடித்த பெயிண்ட் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். சீட் மறைக்கும் பின்முனையிலும் அதே அடர்த்தி. பெயிண்டரிடம் அந்த இடத்தைத்தான் காட்டினேன்.

அவர் ஒதுக்கிப் போட்ட ஒரு பழைய டேங்கில் மெட்டாலிக் அடித்து, ஒவ்வொரு சிவப்புக் கோட்டுக்குப் பிறகும் ஒரு பட்டையை டேப்பால் மறைத்துக்கொண்டே போனார். டேப்பைப் பிரித்ததும் வெளிர் சிவப்பிலிருந்து கருஞ்சிவப்பு வரை படிப்படியாக வந்துவிட்டது. கிளியர் அடித்து, வெயிலிலும் நிழலிலும் எம்ப்ளம் இடத்தோடு ஒட்டிவைத்துப் பார்த்துத்தான் எந்தப் பட்டை என்று முடிவு செய்தோம். தட்டையான தகட்டில் பார்த்தால் போதாதா என்று கேட்பீர்கள். வளைவில்தான் கேண்டி தன் குணத்தைக் காட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் போட்டோவைப் பார்த்து ‘கலர் தப்பு’ என்று ஒருவர் எழுதினார். குண்டு பல்பு வெளிச்சத்தில் எடுத்த போட்டோ ஐயா அது! வெளிறிய டேங்கை அப்படியே விட்டிருக்க வேண்டும், அதுதான் ஒரிஜினல் என்பவர்களும் உண்டு. பெயிண்ட் பெரும்பாலும் நிற்கிற டேங்க் என்றால் நானும் அதையேதான் சொல்வேன். என்னுடையது அடியில் துருப்பிடித்து ஓட்டை விழுந்தது.

உண்மையில் எனக்கு இன்னும் ஆறாதது கலர் இல்லை, ரிம். குரோம் பூசக் கொடுத்த இடத்தில் பளபளப்பு வேண்டும் என்று தேய்த்துத் தேய்த்து, ரிம்மில் அச்சடித்திருந்த எழுத்துகளையே அழித்துவிட்டார்கள். கேட்டால், ‘சும்மா எழுத்துதானே சார்’ என்கிறார்கள். பெயிண்டை உரித்து மறுபடி அடிக்கலாம், அழிந்த எழுத்தை எங்கே போய்த் தேடுவது? எழுத்தைத் தேய்க்கக் கூடாது என்று கொடுக்கும் முன்பே தாளில் எழுதி ரிம்மிலேயே கட்டிவிடுங்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு சைடு கவரை மட்டும்தான் அடிக்கப்போகிறீர்கள் என்றால் மேலே சொன்னதை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். அப்போது பிடிக்க வேண்டியது எம்ப்ளத்துக்கு அடியில் இருக்கும் சிவப்பை அல்ல, பக்கத்தில் தெரிகிற வெளிறிய சிவப்பை. அது இதைவிடத் தலைவலி. முடிந்தால் டேங்க், இரண்டு கவர் எல்லாவற்றையும் ஒரே கலவையில், ஒரே கையால் அடித்து முடித்துவிடுங்கள். மீதிக் கலவையைப் பின்னால் டச்சப்புக்கு வைத்துக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். கேண்டியில் டச்சப் வைத்த இடம் கருத்துத் தனியாகத் தெரியும்.