டிக்ஸ்வில் நாட்ச்ல ஜெயிக்கறவர்தான் அமெரிக்க அதிபரா?
அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. நியூ ஹாம்ப்ஷயர்ல கனடா பார்டர் பக்கம் இருக்கற குட்டி ஊர் அது, 1960லேர்ந்து நடுராத்திரி 12 மணிக்கே ஓட்டுப் போட்டு அப்பவே எண்ணியும் முடிச்சிடுவாங்க, அதான் டிவிக்காரங்க அங்க போய் குவியறாங்க. முதல் தடவையே நிக்சனுக்கு 9, கென்னடிக்கு பூஜ்யம், ஆனா அதிபரானது கென்னடி! ரொம்ப வருஷம் ரிபப்ளிகன் கோட்டைதான், 2008ல ஒபாமா 15-6னு உடைச்சார், 2020ல பைடனுக்கு அஞ்சுக்கு அஞ்சு. இத்தனூண்டு ஓட்டை வச்சு டிரெண்ட் பேசறது சும்மா டைம்பாஸ். ஆனா 2024தான் செம, டிரம்ப் 3, கமலா ஹாரிஸ் 3, அந்த ஆறு பேர்ல நாலு பேர் வோட்டர் லிஸ்ட்லயே டிரம்ப்போட ரிபப்ளிகன் கட்சின்னு பதிவு பண்ணவங்க, அப்போ குறைஞ்சது ஒருத்தராவது கட்சி மாத்திக் குத்தியிருக்கணும்ல.