ஸ்கேன் சரியாக இருக்கிறது, நடை மட்டும் தடுமாறுவது ஏன்?

கேள்வி: ஐந்து மாதங்களுக்கு முன் படிக்கட்டில் தவறி விழுந்து பின்மண்டையில் அடிபட்டது. சில நொடிகள் நினைவில்லை. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்கள். தலைவலி குறைந்துவிட்டது, நடைதான் சரியாகவில்லை. தனியாக மெதுவாக நடந்தால் பரவாயில்லை. யாராவது பேசிக்கொண்டே கூட வந்தாலோ, கூட்டத்துக்குள் போனாலோ ஒரு பக்கமாகச் சாய்கிறேன். சுவரைப் பிடிக்காமல் போக முடிவதில்லை. தலைசுற்றல் மாத்திரையை அன்றிலிருந்து சாப்பிட்டு வருகிறேன். படுக்கையில் வலப்பக்கம் புரண்டால் சிறிது நேரம் அறையே சுழல்கிறது. வீட்டில் எல்லோரும் பயம்தான் காரணம் என்கிறார்கள். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. (பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகி, வயது 43)

பதில்: சந்தேகம் வேண்டாம், சகோதரி. நீங்கள் எழுதியிருப்பதைப் போன்ற நடையை, தலையில் அடிபட்டு வரும் பலரிடம் பிசியோதெரபிஸ்டாக நான் பார்த்துவருகிறேன். ரத்தக்கசிவு, எலும்பு முறிவு போன்றவற்றைத்தான் ஸ்கேன் காட்டும். மூளை குலுங்கும்போது நரம்பு இழைகள் இழுபட்டு அவற்றின் வேலை குழம்புவது சாதாரண ஸ்கேனில் தெரியாது.

கடிதத்தின் முடிவில் போகிறபோக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்களே, புரண்டால் அறை சுழல்கிறது என்று, அதிலிருந்தே தொடங்குகிறேன். உட்காதில் மிக நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் உண்டு. அடிபட்ட வேகத்தில் அவை இடம்பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் போய்விடலாம். அப்போது தலையை ஒரு குறிப்பிட்ட பக்கம் திருப்பினால் சுழலும். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடும். உங்களைப் படுக்க வைத்து, தலையைத் திருப்பிக் கண்ணின் அசைவைப் பார்த்தாலே காது மூக்கு தொண்டை மருத்துவரோ பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டோ கண்டுபிடித்துவிடுவார். தலையை வரிசையாகச் சில நிலைகளில் வைத்துத் துகள்களைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோகும் முறை இருக்கிறது. பலருக்கு ஓரிரு தடவையிலேயே குணமாகிறது. இதை யாரும் சோதிக்காமல் ஐந்து மாதம் போயிருந்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தம்தான். அதே சோதனையோடு கழுத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். விழும்போது கழுத்தும் வெடுக்கென்று இழுபட்டிருக்கலாம்.

இனி நடை. கண், உட்காது, பாதமும் கழுத்தும் தரும் உணர்வு ஆகிய மூன்றையும் சேர்த்துத்தான் மூளை நம்மை நிமிர்த்தி வைக்கிறது. காதிலிருந்து வரும் சேதி குழம்பியதும் அது கண்ணையே அதிகம் நம்பத் தொடங்குகிறது. கூட்டத்தில் கண்முன் எல்லாமே நகர்வதால், நீங்கள்தான் சாய்கிறீர்கள் என்று தவறாகக் கணக்கிடுகிறது. இருட்டிலோ கண்ணே உதவுவதில்லை.

பேச்சு விஷயம் வேறு. ஒரு காலத்தில் தன்போக்கில் நடந்த நடைக்கு இப்போது உங்கள் முழுக் கவனமும் வேண்டியிருக்கிறது. பக்கத்தில் வருபவர் கேள்வி கேட்டால் அந்தக் கவனம் பிரிகிறது. அடி குறுகுகிறது, வேகம் குறைகிறது, கால் பிசகுகிறது. நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டே நடக்கச் சொல்லி இதைச் சோதிப்போம். வெறுமனே நடக்கும்போது தெரியாத தடுமாற்றம் அப்போது வெளியே வரும். வீட்டாருக்கு இந்த ஒரு சோதனையைக் காட்டினால் போதும், பயம் என்று சொல்ல மாட்டார்கள். பயமும் இருக்கத்தான் செய்யும். விழுந்தவருக்கு அது இல்லாமல் எப்படி? கழுத்தை விறைப்பாக்கி அது நடையை மேலும் கெடுக்கிறது. ஆனால் முதலில் வந்தது தடுமாற்றம்.

மாத்திரையைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் கட்டாயம் பேசுங்கள். தலைசுற்றலை அடக்கும் மருந்துகள் முதல் சில நாட்களுக்கு உதவும்; மாதக்கணக்கில் தொடர்ந்தால் மூளை புதிய நிலைமைக்குப் பழகுவதைத் தாமதப்படுத்தும். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

சுழற்சி தீர்ந்தபின் பயிற்சி தொடங்கலாம். கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்துங்கள். பார்வையை அதன்மேல் நிறுத்தியபடி தலையை மட்டும் இடமும் வலமும் மெல்ல அசையுங்கள். முதலில் உட்கார்ந்து, பழகியபின் நின்று, பிறகு யாராவது கூட இருக்க நடந்துகொண்டே. லேசாகக் கிறுகிறுத்துச் சில நிமிடங்களில் அடங்கினால் அளவு சரி. மணிக்கணக்கில் நீடித்தால் மறுநாள் குறைத்துக்கொள்ளுங்கள். சுவரை இறுகப் பிடிப்பதற்குப் பதில் விரல்நுனி மட்டும் பட நடந்து பாருங்கள். அந்தத் தொடுகையே மூளைக்குப் போதுமான தகவலைத் தரும். பிறகு விரலையும் எடுக்கலாம். கூட்டம் குறைந்த நேரத்தில் வெளியே போய்ப் பழகுங்கள். பேசிக்கொண்டு நடப்பது கடைசியில் வரட்டும். அதுவரை நீங்கள் படியேறும்போது யாரும் பேச்சுக் கொடுக்க வேண்டாம் என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: என் தந்தைக்கு 76 வயது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். ஒரு மாதம் முன் கதவில் தலை இடித்தது. அப்போது ஒன்றுமில்லை. இப்போது இடது காலை இழுத்து நடக்கிறார், பகலிலும் தூங்குகிறார். நடைப் பயிற்சி ஏதாவது உதவுமா?

பதில்: உங்கள் கடிதம் வந்த அன்றே தொலைபேசியில் சொன்னதை மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். இதற்குப் பயிற்சி கிடையாது. அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். வயதாகும்போது மூளை சற்றுச் சுருங்குவதால் அதன் மேற்பரப்பிலுள்ள சிறு ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிற்கின்றன. சிறிய இடியிலும் அவை கிழிந்து, வாரக்கணக்கில் ரத்தம் மெல்லச் சேர்ந்து மூளையை அழுத்தலாம். ரத்தத்தை இளக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு ஆபத்து கூடுதல். ஒரு சி.டி. ஸ்கேனில் தெரிந்துவிடும். தேவைப்பட்டால் மண்டையோட்டில் சிறு துளையிட்டு ரத்தத்தை வெளியேற்றுவார்கள். ஒரு பக்கம் பலவீனம், கூடிக்கொண்டே போகும் தலைவலி, தொடர் வாந்தி, பேச்சுக் குழறல், எழுப்பினாலும் எழாத தூக்கம், வலிப்பு: அடிபட்டு எத்தனை நாளானாலும் இவற்றில் ஒன்று தெரிந்தால் எனக்குக் கடிதம் எழுதாதீர்கள், மருத்துவமனைக்குப் போங்கள்.